பனியன் துணிக் கூடாரம்

எங்கள் அப்பா ஒருமுறை பனியன் துணியில் கூடாரம் தைத்தார். திருப்பூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முதலில் பிடிபடுவதில்லை. இழுத்தால் நீளுகிற துணி, தண்ணீர் பட்டால் குடித்துவிடுகிற துணி, அதில் போய் யாராவது மழைக்காலத்தில் கூடாரம் தைப்பார்களா என்று நான் விளக்கிய பிறகு அவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தக் கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தவள் நான். பார்க்காதவர்களோடு எனக்கு என்ன பேச்சு?

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கிவைத்த துணியின் மேல் அட்டையை வைத்துக் கோடு போட்டு மெஷினால் வெட்டுகிற வேலை. அம்மா எங்கள் தெருமுனையில் இருந்த சின்னத் தையல் யூனிட்டில் டெய்லர். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கட்டிய காம்பவுண்ட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் பிறந்தது, தம்பி பிறந்தது, எல்லாம் அந்த ஒற்றை அறையில்தான். வேறு வீட்டுக்குக் குடிபோவது என்றால் என்னவென்றே எங்கள் இருவருக்கும் தெரியாது.

காம்பவுண்ட்டில் இருந்த எல்லோருமே எங்களைப்போலத் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் குழாயடியில், மாடிப்படியில், மளிகைக் கடையில் ஒரே கேள்விதான். "ஊருக்கு எப்பக் கெளம்புறீங்க?" போகிறீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகாத குடும்பம் என்று ஒன்று இருக்கும் என்பதே அங்கே யாருக்கும் தோன்றாது. கம்பெனிகளை மூடியதும் பாதித் திருப்பூர் பஸ் ஏறிவிடும். நாங்களும் வருஷா வருஷம் சிவகங்கைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, அப்பா மடியில் தம்பியும் அம்மா மடியில் நானுமாக நசுங்கிக்கொண்டு போவோம்.

அந்த வருஷம் போகவில்லை. தாத்தா இறந்து, ஊர் வீடு பெரியப்பாவுக்கு என்று ஆகியிருந்தது. அண்ணன்தானே என்று அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். என்றைக்குக் கிளம்பி வரலாம் என்று கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பெரியப்பா பேசியது எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

"வாறதுன்னா வா. வந்தா எங்க தங்குவ? இருக்கது ரெண்டு ரூமு. சம்பந்தக்காரவுக வேற வாறாக."

அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "எங்களுக்கு எதுக்குண்ணே ரூமு? எங்கயாச்சும் ஒரு டெண்ட்டு அடிச்சுக் கெடந்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். எனக்கோ தலைகால் புரியவில்லை. டெண்ட்டு! எங்கள் பாடப்புத்தகத்தில் மலையேறுகிறவர்கள் ஒரு முக்கோணக் கூடாரத்தின் முன்னால் நின்று சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்! அதற்குள் நாங்கள் படுத்துக்கொள்ளப் போகிறோம், அப்பாவே தன் வாயால் சொல்லிவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். காம்பவுண்ட்டில் ஒரு கதவு விடாமல் தட்டி, "நாங்க ஊருக்குப் போகல, டெண்ட்டு அடிச்சுத் தங்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும்போது வீட்டுக்காரம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். காம்பவுண்ட்டே அவருடையதுதான். கொங்குப் பக்கத்துக்காரர், எதிரே மாடி வீட்டில் இருந்தார்.

"ஏனம்மிணி, இந்தத் தீவாளிக்கு ஊருக்குப் போகலீங்களாமா? என்னமோ டெண்ட்டு அடிக்கப் போறதாப் பாப்பா சொல்லுச்சு?"

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். குடம் நிறைந்து வழிந்தது. அம்மா குழாயை மூடினாள்.

"ஆமாங்க. வருசா வருசம் ஊருக்கே போயி என்னத்தக் கண்டோம்? புள்ளைகளும் நாலு எடம் பாக்கணும்ல? அதான் இந்தத் தடவை டூரு."

வீட்டுக்காரம்மா அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரிங்க, நல்லதுங்க" என்றார். அதன்பிறகு ஊரைப் பற்றி அவர் எங்களிடம் கேட்கவே இல்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு அம்மாவின் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"அது கோவத்துல சொன்னதுடி" என்றார் அப்பா.

"கோவத்துல சொன்னீகளோ எதுல சொன்னீகளோ, உங்க மக தண்டோராப் போட்டுட்டு வந்துட்டா. நானும் ஆமான்னுட்டேன். இனி போகாம இருந்தா, கேக்குறவுகளுக்கு என்ன பதில் சொல்ல? ஊர்ல எங்களுக்குப் படுக்க எடமில்லன்னு சொல்லவா?"

இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன செய்ய? போகப் போகிறோம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஏறியது.

அப்பாவுக்கு ஒரு குணம். ஒரு வேலையில் இறங்குகிறவரைக்கும் இழுத்தடிப்பார். இறங்கிவிட்டாரென்றால் எங்கள் வீட்டு ஒட்டடை அடிப்பதுகூட அமெரிக்காவுக்குப் போகிற ஆர்டர் மாதிரிதான் நடக்கும். மறுநாளே அந்த ஒற்றை அறையில் கம்பெனி திறந்துவிட்டது. முதலில் அளவெடுத்தார். எங்கள் மூவரையும் தரையில் வரிசையாகப் படுக்கச் சொல்லி, தனக்கும் ஓர் ஆள் இடம் விட்டு, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார். "இவன் தூக்கத்துல உருளுவான், இவனுக்கு அலவன்ஸ் வேணும்" என்று தம்பி பக்கம் மட்டும் ஒரு சாண் கூட விட்டார். அந்தக் கோட்டை அழிக்க அம்மாவுக்கே மனசு வரவில்லை. அன்று சாப்பிடும்போதும் நாங்கள் அதற்குள்தான் உட்கார்ந்தோம்.

திருப்பூரில் சாம்பிள் போடாமல் எதையும் தைப்பதில்லை. அப்பாவும் வெட்டிப்போட்ட மிச்சத் துணியில் ஒரு குட்டிக் கூடாரம் தைத்து, விளக்குமாற்றுக் குச்சி கொடுத்து நிறுத்தினார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிற பையர்தான் சாம்பிளுக்குச் சரி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பையர் அம்மா. அவள் அதை உள்ளே வெளியே திருப்பினாள், தையலை விரலால் நீவிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள்.

"தோள்ல சுருக்கம் விழுது. ரிஜெக்ட்."

"டெண்ட்டுக்கு ஏதுடி தோளு?"

"அப்ப எது சுருங்கியிருக்கோ அதச் சரிபண்ணுங்க."

அப்பா சரிசெய்தார். காம்பவுண்ட்டுப் பூனை அதற்குள் புகுந்து படுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. சாம்பிள் பாஸ் ஆகிவிட்டது என்று அப்பா கைதட்டினார். அம்மாகூடச் சிரித்தாள். போன் பேசிய நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

துணி கம்பெனியிலிருந்து வந்தது. சாயம் ஒரே சீராகப் பிடிக்கவில்லை என்று பையர் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு பெரிய ரோல், நல்ல மாம்பழ மஞ்சள். தீபாவளிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்று முதலாளி கொடுத்துவிட்டார். அப்பா அதை மொட்டைமாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்துப் போட்டார். வெட்டவில்லை, தொடக்கூட விடவில்லை.

"சுருட்டியே கெடந்த துணி இது. ஒரு நாளாச்சும் மூச்சு விடணும். மூச்சு விடாத துணிய வெட்டுனா அளவு நிக்காது" என்றார்.

இது கம்பெனியில் எல்லா கட்டிங் மாஸ்டரும் சொல்வதுதான். எனக்கு அப்போது தெரியாது. துணி மூச்சுவிடுவதைப் பார்த்தே தீருவதென்று மாடிப்படியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. காற்று அடிக்காத நேரமெல்லாம் துணி செத்தமாதிரிக் கிடந்தது. சட்டென்று நடுவில் ஓர் இடம் மெதுவாக உப்பியது, அந்த உப்பல் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய் அடங்கியது. "அப்பா, விடுது, மூச்சு விடுது!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். அப்பா சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல" என்றார். எங்கள் அப்பாவுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்று நான் முடிவுகட்டியது அன்றுதான்.

காம்பவுண்ட்டே யோசனை சொன்னது. இஸ்திரி போடுகிற அண்ணன் எங்கே மடிப்பு வரவேண்டும் என்றார். தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் அக்கா எந்தத் தையல் போட்டால் பிரியாது என்றார். துணியின் கனம் போதாது என்று ஒருவர், போதும் என்று ஒருவர், அரைமணி நேரம் வாக்குவாதம். அத்தனை பேரும் பனியனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மழை வந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. துணி என்றாலே அங்கே பனியன் துணிதான்.

தைத்தது அம்மா. யூனிட்டில் வேலை முடிந்தபின் கரண்ட் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொள்ள ஓனரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். நானும் கூடப்போய் நின்றேன். மற்ற நாட்களில் அம்மாவின் கைக்குள் பனியனின் ஒரு கையோ ஒரு கழுத்தோதான் வந்துவந்து போகும். அன்று தைக்கத் தைக்கத் துணி அவள் மடியில் விழுந்து, காலை மூடி, இடுப்பை மூடி ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்த மஞ்சள் குவியலின் மேலே அம்மாவின் முகமும் இரண்டு கைகளும்தான் தெரிந்தன. மெஷின் சத்தத்தை மீறி, "அம்மா, உள்ள போயிருவ போல இருக்கே!" என்றேன். அவள் நிமிரவில்லை. அவ்வளவு கவனமாக அவள் தைத்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் கூடாரத்தை நிறுத்திப் பார்த்தோம். கம்புக்கு, துணி ரோலுக்கு நடுவில் வருகிற கெட்டி அட்டைக் குழாய்கள். நாலு பக்கமும் கயிறு கட்டி அப்பா இழுத்தார், இஸ்திரி அண்ணன் இழுத்தார், கீழே கிடந்த மஞ்சள் குவியல் எழுந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. முந்தாநாள்வரை சுருட்டிக் கட்டிய ரோலாகக் கிடந்ததற்கு இப்போது வாசல் இருந்தது, உள் இருந்தது, வெளி இருந்தது. நான் உள்ளே நுழைந்தேன். யப்பா, என்ன வெளிச்சம்! வெயில் துணி வழியாக வடிந்து, உள்ளே இருந்த எல்லாமே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது. என் கை மஞ்சள், தம்பியின் பல் மஞ்சள், குனிந்து உள்ளே எட்டிப்பார்த்த அம்மாவின் முகம் கல்யாணப் பொண்ணு முகம். காம்பவுண்ட்டுப் பிள்ளைகளெல்லாம் உள்ளே வந்து அடைந்துகொண்டோம். யாரும் சத்தம் போடவில்லை. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டோம்.

அப்போதுதான் ஐப்பசி மழை வந்தது.

முதல் பத்துச் சொட்டுக்கு, "தாங்கும், தாங்கும்" என்றார் அப்பா. அடுத்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. துணி அத்தனை தண்ணீரையும் குடித்தது. குடிக்கக் குடிக்க நீண்டது. மேற்கூரை பசு மடி மாதிரி தொங்கிக்கொண்டே வந்து முதலில் என் தலையைத் தொட்டது, பிறகு தம்பியின் தலையை. அட்டைக் குழாய்கள் ஊறி இடுப்பொடிந்து மடங்கின. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் தவழ்ந்து வெளியே வந்தோம். மாடிக் கதவுக்குள் ஒதுங்கி நின்ற காம்பவுண்ட்டு ஜனம் மொத்தமும் சிரித்தது.

"மாஸ்டர், எல் சைஸ் கேட்டோம், டபுள் எக்ஸ்.எல். ஆயிருச்சே!" என்றார் இஸ்திரி அண்ணன். அப்பாவும் சிரித்தார். மழையில் நனைந்துகொண்டே, ஒரு கையில் மடங்கிப்போன குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அன்று அப்பா சோர்ந்துவிட்டார். "விடு, ஒரு சினிமாவுக்குப் போவோம், பிரியாணி சாப்புடுவோம். பிள்ளைக மறந்துரும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுவதற்குள் அம்மா பேசிவிட்டாள். இந்த டூருக்காக முதல்நாள் அப்பாவிடம் எரிந்துவிழுந்த அம்மா.

"முடியாது. போயே ஆகணும். ஊருக்கும் போகல, டூருக்கும் போகலன்னா, எல்லாரும் கெளம்பிப் போன பெறகு காம்பவுண்ட்டுல நாம மட்டும் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கவா? வேற என்ன வேணும்னாலும் தாங்கிருவேன். போக்கிடம் இல்லாதவுகன்னு ஒருத்தி பாவமாப் பாக்குறது இருக்கு பாருங்க, அது என்னால ஆகாது."

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மாவே படியேறி வந்தார். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க அண்ணன் பேரன் காதுகுத்துக்கு அடிச்ச பேனரு பரண்ல சும்மாதானுங்க கெடக்குது. இதுக்கு மேல அதப் போட்டுக் கட்டுனா சொட்டுத் தண்ணி எறங்காதுங்க. கம்புக்கு பிளம்பருகிட்டச் சொல்லி நாலு பைப்பு வாங்கிக்கலாம்."

பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "எங்கீங்க போகலாம்னு இருக்கறீங்க?" என்றார். உண்மையில் அதை மட்டும் நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

"தாராபுரத்துக்கு அக்கட்ட எங்க அண்ணன் தென்னந்தோப்பு இருக்குதுங்க. அமராவதி ஆத்தோரமே. நான் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். பாம்பு கீம்பு ஒண்ணும் இல்லீங்க" என்றார். பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி அம்மாவின் சேலைக்குள் போய்விட்டான்.

தீபாவளிக்கு முதல்நாளே காம்பவுண்ட்டு காலியாகிவிட்டது. போகும்போது ஒவ்வொருவராக வந்து, "டூரு நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா வாசலில் நின்று, "வாறோம், வாறோம்" என்று வாயெல்லாம் பல்லாகக் கையசைத்தாள்.

தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, மூட்டையோடு தெருவுக்கு வந்தோம். நான் அப்படியே நின்றுவிட்டேன். திருப்பூருக்குச் சத்தம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த மெஷின் சத்தம் அன்று இல்லை. எங்கோ ஒரு பட்டாசு வெடித்தது, பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை. ஒரு காக்காய் கத்துவது அடுத்த தெருவரை கேட்டது. சாயப்பட்டறைப் புகைபோக்கிகளில் புகை இல்லை. தெரு முடிகிற இடத்தில், வானத்தின் அடியில், நீலமாக ஒரு மலை வரிசை தெரிந்தது. "அப்பா, அது நேத்து இல்லையே?" என்றேன். "இருந்துச்சு கண்ணு. நமக்குத்தான் தெரியல" என்றார். வருஷா வருஷம் இதே நாளில் நாங்கள் ஊரில் இருந்துவிடுவதால், இந்த மலை யாருக்கும் தெரியாமல் வந்து நின்றுவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாராபுரம் பஸ் பாதிக்கு மேல் காலி. கண்டக்டர் எங்கள் மஞ்சள் மூட்டையையும் பைப்புகளையும் பார்த்து, "ஏனுங்க, பந்தக்காரருங்களா?" என்றார். அப்பா பெருமையாக, "இல்லீங்க, டூரு" என்றார். ஜன்னலோரம் எனக்கு. அவிநாசிபாளையம் தாண்டியதும் கம்பெனிகள் குறைந்து, காற்றாலைகளும் சோளக்காடும் வர ஆரம்பித்தன. அம்மாவின் மடியில் ஒரு பை இருந்தது. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்குள் என்ன என்று நான் எட்டிப் பார்த்தபோது ஒரு புது எவர்சில்வர் பாத்திரமும், உப்புப் பொட்டலமும், மஞ்சள் கிழங்கும், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்ன சாமி படமும் இருந்தன. முறுக்கு அந்தப் பையில் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

தாராபுரத்தில் டவுன்பஸ் மாறி இறங்கிய இடத்துக்கே தோப்புக்காரர் வந்திருந்தார். "வாங்க வாங்க, தங்கச்சி சொல்லுச்சுங்க" என்று மூட்டையில் பாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். தோப்புக்குள் நடந்துபோய் மரங்கள் முடிந்த இடத்தில் ஆறு.

ஆறு என்றால் எனக்குத் தெரிந்தது திருப்பூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஓடைதான். அன்றைக்கு எந்தக் கலர் சாயம் போட்டார்களோ அந்தக் கலரில் ஓடும். இங்கே கரையிலிருந்து கரைவரை செம்மண் நிறத்தில், மழைத் தண்ணீரோடு சேர்ந்து, அவசரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "இங்க இன்னிக்கு பிரவுனாப்பா?" என்று கேட்டேன். தோப்புக்காரர் சிரித்த சிரிப்பில் ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. இத்தனை தண்ணீர், யாரும் மோட்டார் போடாமல், தானாக எங்கிருந்து வந்து எங்கே போகிறது? நானும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றோம். பயமாகவும் இருந்தது, அந்தப் பக்கம் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அப்பா கூடாரத்தை விரித்தார். மேலே போட பேனரைப் பிரித்ததும் தோப்புக்காரர், "அட, எங்க பேரனுங்க!" என்றார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு அழுதுகொண்டிருந்த குழந்தையின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. பேரன் முகம் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எனக்கும் தம்பிக்கும் சண்டை. கடைசியில் உள்பக்கம் என்று ஆயிற்று.

"வேற யாரும் வந்து ஏதும் சொல்ல மாட்டாங்களே?" என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாருங்க சொல்றது? எடம் என்னுதுங்க. நீங்க எத்தன நாள் வேணாலும் இருங்க. ஒருத்தன் வந்து கேக்க மாட்டான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை இறுக்கினார். கட்டிய முடிச்சையே மறுபடியும் கட்டினார்.

வாசல் ஆற்றைப் பார்த்து இருக்கட்டும் என்று நான் கெஞ்சினேன். அம்மா கேட்கவே இல்லை. கிழக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று நின்றாள். வைத்தபிறகும் என்னை உள்ளே விடவில்லை. அப்பாவிடம் மணி கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். பிறகு உப்புப் பொட்டலத்தையும் மஞ்சளையும் என் கையில் கொடுத்து, "வலது கால எடுத்து வச்சு உள்ள போ" என்றாள். எனக்குப் பசி. எதற்கு இத்தனை சட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பின்னால் சாமி படத்தோடு அப்பா குனிந்து வந்தார்.

உள்ளே அந்த மஞ்சள் வெளிச்சம் இல்லை. மேலே பேனர் வந்துவிட்டதே. ஆனால் பக்கத்துத் துணி வழியாக ஆற்றின் வெளிச்சம் ஆடி ஆடி உள்ளே வந்தது. கூடாரமே தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. தம்பி வாயைப் பிளந்துகொண்டு படுத்துவிட்டான். நானும் படுத்தேன். மேலே, துணி வழியாக மங்கலாகத் தெரிந்த தோப்புக்காரரின் பேரன் எங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

தோப்புக்காரர் கறந்த பாலை ஒரு சொம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அம்மா வாசலுக்கு நேரே மூன்று கல்லைக் கூட்டி, தென்னமட்டை வைத்துத் தீ மூட்டி, அந்தப் புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். கொண்டுவந்திருந்த ஸ்டவ் மூட்டைக்குள் சும்மா கிடந்தது. நானும் தம்பியும் டம்ளரோடு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பால் விளிம்புக்கு ஏறியது. "அம்மா, பொங்குது, பொங்குது, மட்டையை இழு!" என்று கத்திக்கொண்டே கை நீட்டினேன். அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பால் நுரைத்துப் பொங்கி, பாத்திரத்தின் கழுத்தில் வழிந்து, கல்லில் சுரீரென்று விழுந்து, மண்ணுக்குள் போனது. அப்பாவும் அம்மாவும் சும்மா நின்று அதைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகை என்று நினைத்தேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் வாங்கி, அப்பாவும் அம்மாவும் இரண்டு அறை போட்டு ஒரு வீடு கட்டினார்கள். பால் காய்ச்சுகிற அன்று வீட்டுக்காரம்மாவும் வந்திருந்தார். புதுப் பாத்திரத்தில் பால் பொங்கி வழிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மொத மொதலாச் சொந்த ஊடு. நல்லா இருங்க அம்மிணி" என்றார்.

"மொதல் இல்லீங்க" என்றாள் அம்மா. "இது ரெண்டாவது."

"ஏனுங்க, மொதலாவது எங்கீங்க இருக்குது?"

தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே சொன்னார். "தாராபுரத்துக்கு அக்கட்டங்க. ஆத்தோரம்."

டம்ளர்களில் பாலை ஊற்றிக்கொண்டிருந்த நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்த ஆற்றங்கரையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு வரவேண்டிய பாலில் பாதியை மண்ணில் கொட்டிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, சாயங்காலம்வரை அம்மாவோடு பேசவே இல்லை.